விலை பேசலாம் வாங்க... ஆங்கிலத்தில்!



சென்னைக்கு வடக்கே, பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் இருக்கிறது திருப்பாலைவனம். பேரைக் கேட்டதும் மணலும் ஒட்டகமும் நினைவுக்கு வருகிறதா? அந்தப் பாலைவனம் இல்லை இது! பாலை மரங்கள் நிறைந்த வனம் என்பதால் வந்த பெயர். ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி வந்துவிடும். ஒடிசா மாநிலத்தின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பரந்து கிடக்கிறது. ஏரியைச் சுற்றிலும் மீனவர் குப்பங்கள். மடவை, கிழங்கான், இறால், நண்டு என்று எதைக் கேட்டாலும் கிடைக்கும்.

இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பல வருடம் பாடம் நடத்தியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும், தெருவில் பார்த்தால், 'டீச்சர்' என்று ஓடி வந்து நிற்கும் பிள்ளைகள் எனக்கு உண்டு. அப்படி ஓடி வந்த ஒரு மாணவியின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். அதில் ஆங்கிலப் பாடமும் இருக்கிறது. அதைவிடப் பெரிய பாடம் ஒன்றும் இருக்கிறது.

*

திருட்டா... யாரைப் பார்த்து?

பூநாரைகள் வந்து இறங்கும் குளிர்காலம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்க வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். அன்று நான் நண்டு வாங்கப் போயிருந்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் அந்த மாணவி, தன் ஆயாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தாள். எதிரில், நண்டைக் கூறு கூறாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் மனைவியுடன் வந்து நின்றார்.

'ஹவ் மச்?' என்று கேட்டார்.

மாணவிக்கு ஒரே மகிழ்ச்சி. பள்ளியில் படித்த ஆங்கிலத்துக்கு வேலை வந்துவிட்டதே! 'டூ ஹண்ட்ரட் ருபீஸ், சார்' என்று தெளிவாகச் சொன்னாள்.

அவர் தன் மனைவியைப் பார்த்து, கண்களை அகல விரித்து, 'தட்ஸ் எ ஸ்டீல்!' என்றார்.

மாணவியின் முகம் சுருங்கிவிட்டது. 'ஸ்டீல்' என்றால் திருடுவது என்று வகுப்பில் படித்திருக்கிறாள். மெதுவாக ஆயாவின் காதில், 'ஆயா... இது திருட்டுன்னு சொல்றாரு' என்றாள்.

அவ்வளவுதான்! ஆயாவுக்கு வந்ததே கோபம்... 'இன்னாது, திருட்டா? ராத்திரி ரெண்டு மணிக்கு ஏரியில எறங்கி, பனியில நின்னு புடிச்சாந்தான் எம்புள்ள. யாரப் பாத்துத் திருடின்றாரு? அவருக்கு நண்டு கெடையாது, போவச் சொல்லு!' என்று கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. திருதிருவென விழித்தார். நான் குறுக்கே போய், 'பொறுங்கம்மா, அவர் உங்களைத் திட்டலை... பாராட்டினார்!' என்றேன்.

ஆமாம், குழந்தைகளே! ஆங்கிலத்தில் 'ஸ்டீல்' என்ற சொல்லுக்குத் திருடுவது என்பதுதான் பொருள். ஆனால், விலையைப் பற்றிப் பேசும்போது, 'இட்ஸ் எ ஸ்டீல்' என்று சொன்னால், 'இவ்வளவு நல்ல பொருள் இவ்வளவு குறைந்த விலைக்கா! காசே கொடுக்காமல் தூக்கிக்கொண்டு போவது போலல்லவா இருக்கிறது' என்று அர்த்தம். குறை எதுவும் விற்பவர் மேல் இல்லை. வாங்குகிறவர் தன் அதிர்ஷ்டத்தைத் தானே மெச்சிக்கொள்கிறார்.

அந்த மனிதரிடம் நடந்ததைச் சொன்னேன். காதைப் பிடித்துக்கொள்ளாத குறைதான். அத்தனை முறை மன்னிப்புக் கேட்டார். கூடுதலாக 100 ரூபாயையும் நீட்டினார். ஆயா வாங்கவில்லை. 'சொன்ன வெல சொன்னதுதான். 200 ரூவா போதும்' என்று நண்டை ஓலைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

மூன்றே வார்த்தையில் ஒரு வியாபாரமே முறிந்து போக இருந்தது. ஏன் தெரியுமா? மாணவிக்குப் புத்தக ஆங்கிலம் தெரியும். பேச்சு ஆங்கிலம் தெரியாது!

*

மொழிக்கும் இரண்டு உடை!

பள்ளிக்குச் சீருடை போட்டுக்கொண்டு போகிறோம். வீட்டுக்கு வந்ததும் பழைய சட்டைக்கு மாறிவிடுகிறோம். மொழியும் அப்படித்தான். பெரியவர்களிடம், அலுவலகத்தில், கடிதத்தில் பேசும் மரியாதை நடை ஒன்று. நண்பர்களிடம், வீட்டில், சந்தையில் பேசும் சகஜ நடை ஒன்று.

தமிழிலும் இது உண்டே! கூட்டுறவு அங்காடிப் பலகையில், 'பொருள்களின் விலைப்பட்டியல்' என்று எழுதியிருக்கும். அதையே சந்தையில், 'இன்னாம்மா வெல? பாத்துப் போட்டுக் குடு' என்கிறோம். பலகையில் போய், 'பாத்துப் போட்டுத் தரப்படும்' என்று எழுதினால் சிரிப்பார்களா, இல்லையா? சந்தையில் நின்று, 'அம்மையீர், இம்மீனின் விலை யாது?' என்று கேட்டாலும் சிரிப்புத்தான்!

ஆங்கிலத்திலும் எந்த உடை எந்த இடத்துக்கு என்று தெரிந்துகொண்டால் போதும். பயம் போய்விடும்.

*

விலை கேட்பது எப்படி?

'ஹவ் மச்?' - சகஜம். தவறு இல்லை. ஆனால், தெரியாதவரிடம் இப்படி மொட்டையாகக் கேட்டால், கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தோன்றும்.

'ஹவ் மச் இஸ் திஸ், ப்ளீஸ்?' - எங்கேயும் எவரிடமும் கேட்கலாம். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால்கூடப் பாதிக் கவலை தீர்ந்தது.

'குட் யூ டெல் மீ த பிரைஸ், ப்ளீஸ்?' - மரியாதை நடை. பெரிய கடை, அலுவலகம், தொலைபேசி, கடிதம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

'ஹவ் மச் டூ ஐ ஓ யூ?' - 'நான் உங்களுக்கு எவ்வளவு தரணும்?' சாப்பிட்டு முடித்த பிறகோ, ஒருவர் நமக்கு வேலை செய்து கொடுத்த பிறகோ கேட்பது.

'வாட்ஸ் த டேமேஜ்?' - இதைக் கேட்டதும், 'எதையாவது உடைத்துவிட்டோமா?' என்று பதறாதீர்கள்! 'மொத்தம் எவ்வளவு ஆச்சு?' என்று வேடிக்கையாகக் கேட்பது. நண்பர்களுக்குள் மட்டும்தான். தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்லி வைக்காதீர்கள்!

*

விலை அதிகமா?

தமிழில், 'யானை விலை, குதிரை விலை' என்கிறோம். ஆங்கிலத்தில், 'இட் காஸ்ட்ஸ் அன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்பார்கள். 'ஒரு கையையும் ஒரு காலையும் கொடுத்தால்தான் வாங்க முடியும்' என்று பொருள். நம் ஊர் யானைக்கு அவர்கள் ஊரில் கையும் காலும்!

'எக்ஸ்பென்சிவ்' என்பது எல்லா இடத்துக்கும் பொதுவான சொல். 'ப்ரைஸி' என்பது சகஜமான பேச்சு. 'எ பிட் ஸ்டீப்' என்றும் சொல்வார்கள். 'ஸ்டீப்' என்றால் செங்குத்து. மலை ஏற மூச்சு வாங்குவது போல, இந்த விலைக்கு ஏறவும் மூச்சு வாங்குகிறதாம்!

'ரிப் ஆஃப்' என்றால் ஏமாற்று விலை. 'டேலைட் ராபரி' என்றும் சொல்வார்கள். அப்படியென்றால் என்ன தெரியுமா? பகல் கொள்ளை! தமிழர்களும் ஆங்கிலேயர்களும் ஒரே மாதிரி வயிறெரிந்திருக்கிறார்கள், பார்த்தீர்களா? ஆனால், எச்சரிக்கை... இந்த இரண்டையும் விற்பவர் முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைதான். இங்கே உண்மையிலேயே திருட்டுப் பட்டம் கட்டுகிறோம். 'ஸ்டீல்' என்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள்.

மரியாதையாகச் சொல்ல வேண்டுமா? 'ஐ ஆம் அஃப்ரெய்ட் இட் இஸ் மோர் தேன் ஐ கேன் அஃபோர்ட்' என்று சொல்லலாம். 'அஃப்ரெய்ட்' என்றதும், இவருக்கு என்ன பயம் என்று நினைக்க வேண்டாம். 'மன்னிக்கணும், எனக்குக் கட்டுப்படியாகாது' என்பதுதான் இதன் பொருள். விலை கூடுதல் என்று பொருளின் மேல் குற்றம் சொல்லாமல், 'என் கையில் அவ்வளவு இல்லை' என்று தன் மேல் போட்டுக்கொள்வது ஒரு பண்பு.

*

விலை குறைவா?

இங்கேதான் நாம் அடிக்கடி வழுக்கி விழுகிறோம். நமக்குத் தெரிந்த ஒரே சொல், 'சீப்'. ஆனால் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். ஒன்று, குறைந்த விலை. இன்னொன்று, மட்டமான தரம். 'எ சீப் பென்' என்றால், விலை குறைந்த பேனா என்றும் கொள்ளலாம். நாலு நாளில் உடைந்துபோகும் மட்டமான பேனா என்றும் கொள்ளலாம். ஒரு மனிதரைப் பார்த்துச் 'சீப்' என்றால் அது வசவு!

நம் ஊர்க் கடைகளில், 'சீப் அண்ட் பெஸ்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது இந்தியாவில் புழங்கும் ஆங்கிலம். நமக்குள் பேசிக்கொள்ளலாம். வெளிநாட்டுக்காரர்கள், 'குட் வேல்யூ ஃபார் மனி' என்பார்கள். 'கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள்' என்று அர்த்தம்.

மரியாதை நடைக்கு இன்னும் மூன்று சொற்கள்: 'ரீசனபிள்' - நியாயமான விலை, 'அஃபோர்டபிள்' - கைக்கு எட்டும் விலை, 'இன்எக்ஸ்பென்சிவ்' - விலை அதிகமில்லாதது. இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் பொருளின் மதிப்பு குறையாது.

சகஜ நடையில், 'டர்ட் சீப்' என்றால் மண் அளவுக்கு மலிவு. நம் அடிமாட்டு விலை! 'எ பார்கெய்ன்' என்றால் நல்ல லாபமான கொள்முதல். 'இட் வென்ட் ஃபார் எ சாங்' என்றால், 'ஒரு பாட்டுக்கே போய்விட்டது' என்று பொருள். பாட்டுப் பாடினால் கிடைக்கிற சில்லறைக்கே விற்றுவிட்டார்களாம். பாவம், விற்றவர்!

*

இந்தத் தவறு மட்டும் வேண்டாம்!

'த பிரைஸ் இஸ் காஸ்ட்லி' என்று எழுதாத மாணவரை நான் பார்த்ததே இல்லை! என் சிவப்புப் பேனா மை பாதி இதற்கே தீர்ந்திருக்கும்.

யோசித்துப் பாருங்கள்... காஸ்ட்லி ஆவது எது? நண்டு. விலை எப்படிக் காஸ்ட்லி ஆகும்? விலையை யாராவது விலைக்கு வாங்குவார்களா? ஆகவே, பொருளுக்கு 'காஸ்ட்லி', 'சீப்'. விலைக்கு 'ஹை', 'லோ'.

'த கிராப் இஸ் காஸ்ட்லி' - சரி. 'த பிரைஸ் இஸ் ஹை' - சரி. இரண்டையும் கலக்காதீர்கள்.

*

பேரம் பேசலாமா?

'லாஸ்ட் பிரைஸ் என்ன?' என்று நாம் கேட்கிறோம். அவர்கள், 'இஸ் தட் யுவர் பெஸ்ட் பிரைஸ்?' என்று கேட்பார்கள். மரியாதையாக, 'குட் யூ கம் டவுன் எ லிட்டில், ப்ளீஸ்?' - கொஞ்சம் இறங்கி வருவீர்களா - என்று கேட்கலாம். பலகையில், 'ஃபிக்ஸ்டு பிரைஸ்' என்று எழுதியிருந்தால் பேரம் கிடையாது.

பணத்துக்கும் செல்லப் பெயர்கள் உண்டு. அமெரிக்காவில் டாலரைச் சகஜமாக, 'பக்' என்பார்கள். ஆண் மானுக்கும் ஆங்கிலத்தில், 'பக்' என்றுதான் பெயர். முன்னாளில் மான் தோலைக் கொடுத்துப் பண்டம் மாற்றிய வழக்கத்திலிருந்து இது வந்திருக்கலாம் என்கிறார்கள். இங்கிலாந்தில் பவுண்டை, 'குவிட்' என்பார்கள். ஆயிரம் என்பதற்கு, 'கிராண்ட்'. இவை எல்லாம் பேச்சுக்கு மட்டும். விண்ணப்பத்திலும் தேர்விலும் எழுதினால் மதிப்பெண் போய்விடும்!

*

நம் கரை கொடுத்த காசுச் சொற்கள்!

இத்தனை நேரம் ஆங்கிலத்திடமிருந்து வாங்கினோமே... நாம் அதற்கு ஒன்றும் கொடுக்கவில்லையா? கொடுத்தோம். அதுவும் நம் பழவேற்காட்டுக் கரையே கொடுத்திருக்கிறது.

பழவேற்காட்டை வெளிநாட்டார், 'புலிகாட்' என்று அழைத்தார்கள். 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே, 'கெல்டிரியா' என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமை இடம். 1690-இல்தான் தலைமை இடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. இங்கே பருத்தித் துணி வாங்கி, தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், ஜாதிக்காய், கிராம்பு முதலான வாசனைப் பொருட்களுக்கு மாற்றினார்கள். நாணயச் சாலை வைத்துக் காசும் அடித்தார்கள். அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டத்தைப் பழவேற்காட்டில் இன்றும் பார்க்கலாம்.

இங்கிருந்து போன கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? 'புலிகாட்'! ஊர்ப் பெயரே துணியின் பெயராகிவிட்டது. பெரிய ஆங்கில அகராதிகளில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம்.

'கேஷ்' என்ற சொல் நம், 'காசு'தானே என்று பலரும் கேட்பார்கள். பாதி சரி! ஆங்கில அகராதியில், 'கேஷ்' இரண்டு உண்டு. ரொக்கப் பணம் என்ற பொருளில் வருவது, பணப்பெட்டியைக் குறித்த ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. சிறு செப்புக் காசு என்ற பொருளில் வருவது, நம் 'காசு' போர்த்துகீசியர் வாய்வழியாகப் போனது. இரண்டு வேறு ஆறுகள், ஒரே ஒலியில் வந்து கலந்துவிட்டன!

'பணம்' என்ற சொல், 'ஃபனம்' ஆனது. வராகன் என்ற பொற்காசை, 'பகோடா' என்றார்கள். மாலையில் சாப்பிடும் பகோடா இல்லை! ஆங்கிலேயர் காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அப்படியானால், ஒரு வராகனுக்கு எத்தனை காசு? மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். (விடை: 3,360.) இந்தியாவுக்கு வந்து சீக்கிரம் பணக்காரராவதை அன்றைய ஆங்கிலேயர், 'பகோடா மரத்தை உலுக்குவது' என்றே சொன்னார்கள். உலுக்கினால் பொற்காசு கொட்டும் மரம்! மரம் நம்முடையது, உலுக்கியவர்கள் அவர்கள்.

டச்சுக்காரர்கள் பெயரிலும் ஆங்கிலத்தில் இரண்டு விலைச் சொற்கள் உண்டு. 'கோ டச்' என்றால், அவரவர் சாப்பாட்டுக்கு அவரவரே காசு கொடுப்பது; இது சகஜ நடை. 'டச் ஆக்ஷன்' என்றால் தலைகீழ் ஏலம். நாம் பார்க்கிற ஏலத்தில், குறைந்த விலையில் தொடங்கி மேலே மேலே ஏற்றுவார்கள். டச்சு ஏலத்திலோ, உச்ச விலையில் தொடங்கிக் கீழே இறக்கிக்கொண்டே வருவார்கள். முதலில், 'எனக்கு' என்று சொல்பவருக்குப் பொருள். அவசரப்பட்டால் கூடுதல் விலை. தயங்கினால் பொருளே போய்விடும்! நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் ஊரில், உலகப் புகழ்பெற்ற பூச்சந்தையில் இப்படித்தான் ஏலம் விடுகிறார்கள்.

*

விலை வேறு... மதிப்பு வேறு!

சரி, நம் மாணவியிடம் வருவோம். நண்டு விற்ற மறுநாள், பள்ளி விட்டதும் என் வீட்டுக்கு வந்தாள். அவள் கேட்ட கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

'டீச்சர், அவருக்கு அந்த விலை திருடின மாதிரி இருந்துச்சுன்னா... ஆயா ரொம்பக் கம்மியா வித்துடுச்சா?'

எத்தனை கூர்மையான கேள்வி! அவளை உட்கார வைத்து நான்கு சொற்களை எழுதினேன்.

'பிரைஸ்' - விற்பவர் கேட்கும் தொகை. ஆயா சொன்ன 200 ரூபாய்.

'காஸ்ட்' - அந்தப் பொருளைக் கொண்டுவர ஆகும் செலவு. வலை, படகு, ஐஸ், தூக்கம் இல்லாத இரவு எல்லாம் இதில் அடங்கும். வாங்குகிறவர் தன் கையிலிருந்து கொடுப்பதையும், 'காஸ்ட்' என்பார்கள்.

'வேல்யூ' - அந்தப் பொருளின் மதிப்பு.

'வொர்த்' - மதிப்புக்கு ஈடு. 'இட் இஸ் வொர்த் 300 ருபீஸ்' என்றால், '300 ரூபாய் பெறும்' என்று பொருள். விற்கும் விலை 200 ஆக இருந்தாலும், பொருள் 300 பெறலாம்.

பழவேற்காடு ஏரியில் யார் வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்து, இன்ன நாளில் இன்னார், இன்ன இடத்தில் பிடிக்கலாம் என்று பிரித்துக்கொள்வார்கள். இதற்குப், 'பாடு' என்று பெயர். தலைமுறை தலைமுறையாக வரும் ஏற்பாடு. பாடு என்றால் உழைப்பு என்றும் ஒரு பொருள் உண்டு அல்லவா? பாடு வரும் நாளில் பாடுபட்டால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

இறாலைப் பாருங்கள். அதற்கு விலை வைப்பது, 'கவுண்ட்' கணக்கில். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் கவுண்ட். 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 30 இறால். கவுண்ட் குறையக் குறைய இறால் பெரிது, விலையும் கூடுதல். இப்படி எண்ணி, எடை போட்டு விலை வைத்துவிடலாம். ஆனால், அதைப் பிடித்தவர் பனியில் நின்ற நேரத்தை எந்தத் தராசில் வைப்பது? அதனால்தான் விலையை வைத்து மதிப்பை அளக்கக் கூடாது என்கிறேன்.

'ஆயா கம்மியாக விற்கவில்லை. வழக்கமாக வாங்குகிறவர்களுக்குச் சொல்லும் விலையையே வந்தவருக்கும் சொன்னாங்க. வெளிநாட்டுக்காரர் என்பதற்காகக் கூட்டிச் சொல்லலை. அவர் கூடுதலாகக் கொடுத்தபோதும் வாங்கலை. அந்த நேர்மைக்கு என்ன விலை போடுவே?' என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்து, 'போட முடியாது டீச்சர்' என்றாள்.

'அதற்குத்தான் ஆங்கிலத்தில், பிரைஸ்லெஸ் என்று பெயர்' என்றேன்.

குழந்தைகளே, இதையும் கவனியுங்கள். 'லெஸ்' என்று முடிந்தால் இல்லை என்று பொருள். 'வொர்த்லெஸ்' என்றால் மதிப்பே இல்லாதது. ஆனால், 'பிரைஸ்லெஸ்' என்றால் விலையே இல்லாத குப்பை என்று பொருளல்ல. விலை சொல்ல முடியாத அளவுக்கு உயர்ந்தது. 'இன்வேல்யுபிள்' என்பதும் அப்படித்தான். விலைமதிப்பில்லாத உதவி, அறிவுரை இவற்றுக்குச் சொல்வது. தமிழிலும் பாருங்கள்... 'மதிப்பற்றது' என்றால் குப்பை. 'விலைமதிப்பற்றது' என்றால் மாணிக்கம்!

வருத்தமான செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். இதே பழவேற்காட்டுக் கரையில் மனிதர்களுக்கே விலை பேசிய காலம் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில், பஞ்சம் வந்த ஆண்டுகளில், சாப்பாட்டுக்கு வழியில்லாத ஏழைகளை டச்சு வணிகர்கள் விலைக்கு வாங்கி, அடிமைகளாகக் கப்பலில் ஏற்றி, படேவியாவுக்கு அனுப்பினார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அந்தப் படேவியா. துணிக்கு விலை எழுதிய கணக்குப் புத்தகத்திலேயே மனிதருக்கும் விலை எழுதப்பட்டது. எல்லாவற்றுக்கும் விலை போடத் தெரிந்தவர்களுக்கு, எதற்கு விலை போடக் கூடாது என்பது தெரியாமல் போய்விட்டது. விலைச் சொற்களைப் படிக்கும்போது இதையும் மறக்காதீர்கள்.

*

நீங்களே சொல்லுங்கள்!

1. பெரிய கடையில் மேலாளரிடம் பையின் விலை கேட்க வேண்டும். 'ஹவ் மச்?' என்பீர்களா, 'குட் யூ டெல் மீ த பிரைஸ், ப்ளீஸ்?' என்பீர்களா?

2. 'த பிரைஸ் ஆஃப் த ஃபிஷ் இஸ் சீப்' - தவறைத் திருத்துங்கள்.

3. பழவேற்காட்டில் ஒரு அம்மா பின்னிய பனை ஓலைப் பெட்டியைப் பாராட்ட வேண்டும். அவரிடம், 'இட் இஸ் சீப்' என்பீர்களா, 'இட் இஸ் குட் வேல்யூ' என்பீர்களா?

4. 'மை கிராண்ட்மதர்ஸ் அட்வைஸ் இஸ் ....' - வொர்த்லெஸ், இன்வேல்யுபிள் - இரண்டில் எது சரி?

விடைகள்: 1. இரண்டாவது. 2. 'த பிரைஸ் ஆஃப் த ஃபிஷ் இஸ் லோ.' 3. இரண்டாவது. 4. இன்வேல்யுபிள். (வொர்த்லெஸ் என்று எழுதினால் பாட்டியிடம் உதை!)

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏரிப் பக்கம் போனபோது, ஆயாவின் கூடை அருகே ஒரு அட்டை நின்றது. மாணவி தன் நோட்டு அட்டையைக் கிழித்து எழுதியிருந்தாள். முதலில், 'சீப் கிராப்ஸ்' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, கீழே, 'ஃப்ரெஷ் கிராப்ஸ், ஃபேர் பிரைஸ்' என்று எழுதியிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளே திருத்தியது!

ஆயா அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'இன்னாடி எழுதிக்கிற?' என்று கேட்டார்.

'நல்ல நண்டு, நியாயமான விலைன்னு எழுதியிருக்கேன் ஆயா.'

'அட போடி... அதத்தான நான் தெனமும் வாயால சொல்றேன்!' என்றார் ஆயா.

என்ன குழந்தைகளே... அடுத்த முறை கடைக்குப் போகும்போது, விலையைக் கேட்கும் முன், அந்தப் பொருளுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பீர்கள்தானே?